பெண் பேச வந்த அன்று தானே திறந்த கேட்

காலை மணி 5.40. தென்னாப்பிரிக்காவின் எடென்டேலில் ஜூன் மாதக் குளிர்காலப் பனி புல்லுக்கெல்லாம் வெள்ளையடித்திருந்தது. இங்கோபோ வீட்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை. ஆனால் ஒருத்தரும் தூங்கவில்லை. வீடு கொள்ளாத சொந்தக்காரர்கள் இருட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் காதைத் தீட்டி வைத்திருந்தார்கள்.

தெருவிலிருந்து குரல் கிளம்பியது. “மபொலோபா! ஃபூசே! பிரசங்கம் பண்ணப் போற மாதிரி அழகான புருவம் வாய்ச்ச வம்சமே! உங்க வாசல்ல வந்து நிக்கிறோம்…”

மாப்பிள்ளை வீட்டுத் தூதர்கள் வந்துவிட்டார்கள். குலப்பெயர்களைச் சொல்லி அவர்கள் தொண்டை வறளும்வரை கூவ வேண்டும். உள்ளே இருப்பவர்கள் காது கேட்காத மாதிரி இருக்க வேண்டும். பொழுது நன்றாக விடிந்து, பனியில் அவர்கள் கால் மரத்துப்போன பிறகு, யாராவது ஒருவர் கொட்டாவி விட்டபடி போய், “யாருப்பா அது?” என்று கேட்க வேண்டும். பெண்ணைப் பெற்ற வீட்டுக்கு அதுதான் கௌரவம். அதற்குப் பிறகுதான், பெண்ணுக்காக மாப்பிள்ளை வீடு எத்தனை மாடு தருவது என்ற பேரம்.

சமையலறையில் தேநீர்க் கோப்பையோடு நின்ற யூனிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பெண்ணின் அத்தை அவள். போலீசில் மாட்டுத் திருட்டுப் பிரிவில் இன்ஸ்பெக்டர். மலை மலையாய் மாட்டுக் காலடி தேடித் திரிகிறவள், அண்ணன் மகளுக்காக விடுப்பு எடுத்து வந்திருந்தாள்.

விடுப்பு அந்த நிமிஷத்தோடு முடிந்தது.

வாசலில் மோட்டார் முனகியது. கேட் நகர்ந்தது. தானே நகர்ந்தது! ஒரு ஆள் தாராளமாக நுழையும் அளவுக்குத் திறந்து, ‘டக்’கென்று நின்றது.

கூவிக்கொண்டிருந்த குரல் பாதியில் அறுந்தது. பிறகு வேறொரு குரல், சிரித்துக்கொண்டே: “அட! நாம கூப்பிட்டே முடிக்கல, கதவு வா வான்னு கூப்பிடுதே! பொண்ணைத் தள்ளிவிட அம்புட்டு அவசரமா?”

வீட்டுக்குள் யாரோ “ஐயோ” என்றார்கள். அதற்குள் படுக்கையறைக் கதவு திறந்தது. பெண்ணின் தகப்பன் பெகிசிஸ்வே, பைஜாமாவும் போர்வையுமாக, மதில் ஓரமாகவே குனிந்து குனிந்து ஓடினார். இன்றைக்கு அவர் தூதர்கள் கண்ணில் படக் கூடாது. அது முறையில்லை. மோட்டாரைச் சுற்றி அடித்திருந்த இரும்புக் கூண்டின் பூட்டைத் திறந்து, மின்சாரத்தையும் பேட்டரியையும் பிடுங்கிவிட்டார். கேட் அப்படியே நின்றது. அதே குனிந்த ஓட்டத்தில் திரும்பி வந்தார்.

“எவன் திறந்தது?” என்றார். குளிரிலா கோபத்திலா, அவருக்குத் தாடை ஆடியது.

வெளியே தூதர்களின் தலைவர் குபேகா மரியாதை குறையாமல் குரல் கொடுத்தார். “இங்கோபோ வீட்டாரே, கதவு திறந்திருக்கு, வரவேற்க ஆள் இல்ல. திறந்து கிடக்கிற கதவுல திருடன்தான் நுழைவான், நாங்க நுழைய மாட்டோம். வண்டியில உக்காந்திருக்கோம். சூரியன் அந்தக் குன்றுக்கு மேல வர்றதுக்குள்ள ஒரு பதில் வரணும். இல்லன்னா நாங்க கிளம்பறோம்.”

பெகிசிஸ்வே நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். “மானம் போச்சு. எட்டு மாசம்! எட்டு மாசம் கடை கடையா ஏறி இறங்கி இந்த ஒரு நாளுக்காக அந்த கேட்டைப் போட்டேன். மூத்தவளுக்குப் பேச வந்தப்போ நம்ம வாசல்ல கயித்தால கட்டின கம்பிக் கதவு. ஊரே சிரிச்சுது. இப்ப மோட்டார் போட்டும் சிரிக்கிறானுங்க.”

“பெரியண்ணே, எறும்பு” என்றார் அவருடைய தம்பி துமிசானி. இன்றைய பேச்சுவார்த்தையில் பெண் வீட்டுக்காகப் பேச வேண்டியவர் அவர்தான். பேச்சு அவருக்குக் கை வந்த கலை, நிறுத்துவதுதான் வராது. “அந்த மோட்டார் பெட்டிக்குள்ள எறும்பு புகுந்தா பேய் புகுந்த மாதிரி. நான் அப்பவே சொன்னேன், ரெண்டு கை வச்சு திறக்கிற இரட்டைக் கதவு போடுங்கன்னு. சர்ச் மாதிரி இருந்திருக்கும். கேட்டீங்களா?”

“வாயை மூடு. எறும்புக்கு எப்படித் தெரியும், சரியா அவங்க வாய் திறக்கிறப்போ திறக்கணும்னு? மனுசக் கைதான்.” அவர் திரும்பி மகளைப் பார்த்தார். “யாருக்கு இங்க அவசரமோ அவங்க கைதான்.”

நோமலாங்கா சுவரோடு ஒண்டி நின்றாள். மருத்துவமனையில் நர்ஸ். நாலு பேர் பிடித்தும் அடங்காத நோயாளியை ஒற்றை ஆளாய் அடக்குகிறவள், அப்பா பார்வைக்கு முன்னால் பொலபொலவென்று அழுதாள். “அப்பா, சத்தியமா நான் இல்லப்பா!”

“யார்னு தெரியாம ஒரு பேச்சும் கிடையாது. தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நான் பொண்ணு குடுக்க மாட்டேன். நீதான்னு தெரிஞ்சா, இந்த வருஷம் கல்யாணமே கிடையாது.”

யூனிஸ் கோப்பையைக் கீழே வைத்தாள். “அண்ணே, சூரியன் வர்றவரைக்கும் எனக்கு நேரம் குடுங்க. மாடு திருடினவனைப் பிடிக்கிறவளுக்கு, கேட் திறந்தவனைப் பிடிக்கத் தெரியாதா?”

“மாடு கால்தடம் வைக்கும். இதுல என்ன இருக்கு?”

“பாப்போம்” என்று சொல்லிப் போலீஸ் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

மணி 5.55. டார்ச் வெளிச்சத்தில் யூனிஸ் மோட்டார் பெட்டியின் மூடியைக் கழற்றினாள். அண்ணன் மதிலோரம் போர்வைக்குள் குந்தியிருந்தார். பெட்டிக்குள் அந்துருண்டை வாசம் மூக்கைத் துளைத்தது. ஒரு எறும்பு இல்லை. ஒரு பல்லி இல்லை. மின்சுற்றுப் பலகை புதுசாகப் பளபளத்தது.

“கூண்டு பூட்டியிருந்துச்சா?”

“நான்தானே திறந்தேன். சாவி என் கழுத்துல.”

“சரி, இதை எதுக்குத் தேர்ந்தெடுத்தீங்க? சுருக்கமா சொல்லுங்க.”

சுருக்கமாகவா! அந்தக் கேள்விக்காகவே எட்டு மாசமாகக் காத்திருந்த மனுஷன் அவர். மானம் போன துக்கத்திலும் முகம் மலர்ந்துவிட்டது.

“நம்ம வாசல் சரிவு. உள்பக்கம் திறக்கிற கதவு போட்டா பாதியிலேயே தரையில இடிக்கும். அதனால பக்கவாட்டுல ஓடுற கேட். இது ஒண்ணு. கரண்ட் போனாலும் ஓடணும், அதனால பேட்டரி. ஒரு கடையில சின்ன மோட்டாரைக் காட்டினான். ‘தம்பி, என் கேட் எடை என்ன தெரியுமா?’ன்னு கேட்டேன், முழிச்சான். நான் கேட்டைக் கழட்டி எடை போட்டுட்டுப் போனவன்! அப்புறம் திருடனுங்க. கேட்டை விட்டுட்டு மோட்டாரைத் தூக்கிட்டுப் போறானுங்க. அதுக்குத்தான் கூண்டு. அப்புறம், ரிமோட்டைத் தொலைச்சிட்டா? அதுக்குப் போன். பெட்டிக்குள்ளேயே சிம் கார்டு இருக்கு. அந்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் குடுத்தா போதும். நாம பதிஞ்சு வச்ச ஆள் கூப்பிட்டா மட்டும் திறக்கும், மத்தவன் கூப்பிட்டா கம்முனு இருக்கும். ரிமோட்டுலயும் சமையலறைப் பட்டன்லயும் கேட் முழுசா ஓடும், வண்டி வர. போன்ல திறந்தா ஆள் நுழையிற அளவுதான், திருடன் போனை அடிச்சிட்டு வந்தாலும் வண்டியோட வர முடியாது பாரு. நானே சொல்லி அப்படி வைக்கச் சொன்னேன். அப்புறம் அந்தப் பல்சக்கரம், அது இரும்பா பிளாஸ்டிக்கான்னு…”

“போதும்ணே. இந்தப் பெட்டியைத் தெருவுல இருந்து பார்த்தா என்ன தெரியும்?”

“என்னத்த தெரியும்? கூண்டுதான் தெரியும். அதுவும் எட்டிப் பாத்தாத்தான்.”

“யார் கூப்பிட்டதுன்னு பெட்டி சொல்லுமா?”

“திறக்கும், அவ்வளவுதான். பேச்சு வராது, என் தம்பி இல்லியே அது.”

யூனிஸ் எழுந்து திறப்பின் குறுக்கே நின்றாள். இரண்டு கையையும் விரித்தாள். ஒரு பசு இதில் ஒட்டி உரசித்தான் போகும். தலையை ஆட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

தூதர்கள் மூன்று பேர். கதகதப்புக்காக வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் குபேகா இறங்கிவந்து தொப்பியைக் கழற்றினார். கோட் பொத்தான் முழுக்கப் போட்டிருந்தார். குரல் ஏற்கெனவே பாதி போயிருந்தது.

“அம்மா, கோவிச்சுக்காதீங்க. முப்பது வீட்டு வாசல்ல கத்தியிருக்கேன். நாயை அவிழ்த்து விட்டிருக்காங்க, தண்ணி ஊத்தியிருக்காங்க. கதவு தானா திறந்து நான் பாத்ததில்ல.”

“நீங்க கதவைத் தொட்டீங்களா ஐயா?”

“ரெண்டு அடி தள்ளி நின்னேன். தொட்டா அபராதம்னு எனக்குத் தெரியாதா?”

அவருக்குப் பின்னால் மாப்பிள்ளையின் சித்தப்பா ஸ்வேலி மபாத்தா வந்து நின்றார். குட்டையான ஆள், பெரிய தொப்பி, அதைவிடப் பெரிய சிரிப்பு. பேரம் பேசுவதில் புலி என்று பேர் வாங்கியவர். தன் அண்ணன் கல்யாணத்தில் ஒரு கிழட்டுப் பசுவைக் கன்றென்று சொல்லித் தள்ளிவிட்டதாக ஊருக்குள் பேச்சு உண்டு.

“மனசைத் தேத்திக்குங்கம்மா. பெண் வீட்டுல அவசரம் இருக்கிறது நல்லதுதானே? பேச்சு சீக்கிரம் முடியும். ஆனா அண்ணன்கிட்ட சொல்லுங்க, இந்தப் போன் அடிச்சா திறக்கிற கேட்டையெல்லாம் நம்பக் கூடாது. ரிமோட் கேட்தான் நல்லது. என் மச்சான் வீட்டுலயும் இதே கூத்துதான்.”

“சொல்றேன்” என்றாள் யூனிஸ். வீட்டுக்குத் திரும்பும் வழியில் நடை கொஞ்சம் மெதுவானது.

மணி 6.15. விசாரணை சமையலறையில் நடந்தது. மேஜையில் வாளி வாளியாக ஸ்கோன் என்கிற மெத்து ரொட்டி, பக்கத்தில் இஞ்சி பியர். விருந்தாளிகளுக்கு வைத்தது. யூனிஸ் ஒரு ஸ்கோனை எடுத்துக் கடித்தாள்.

“ரிமோட் எத்தனை?”

“ரெண்டு” என்றார் துமிசானி. “ஒண்ணு பெரியண்ணன் சட்டைப்பையில. ஒண்ணு என்கிட்ட. நான் அந்த நேரத்துல இருட்டுல நிலைக்கண்ணாடி முன்னாடி நின்னு என் பேச்சைக் கிசுகிசுன்னு சொல்லிப் பாத்துட்டு இருந்தேன். மூணு பேர் சாட்சி. அவங்களை அழ வச்சுட்டேன்.”

“சமையலறைப் பட்டன்?”

“அதுக்குப் பக்கத்துல நீதானே நின்னே?”

அது உண்மைதான். அவள் முதுகே அந்தப் பட்டனை மறைத்துக்கொண்டிருந்தது. துமிசானிக்கு அதைச் சொன்னதில் ரொம்ப சந்தோஷம்.

“போன்?”

இதற்கு மாசெலே பதில் சொன்னாள். பெண்ணின் தாய். அதிகம் பேசமாட்டாள், ஆனால் வீட்டின் கடிவாளம் அவள் கையில்தான். “நேத்து சாயங்காலமே எல்லார் போனையும் வாங்கி எனாமல் சட்டியில போட்டு மூடிட்டேன். பேச்சு நடக்கிறப்போ எவன் போனாவது பாட்டுப் பாடினா அசிங்கம் இல்லியா? ராத்திரி பூரா சட்டி என் கட்டிலுக்கு அடியில. யூனிஸ், உன் போனும் அதுலதான் கிடக்கு.”

யூனிஸ் சட்டியைத் திறந்து ஒவ்வொரு போனாக எடுத்துப் பார்த்தாள். நேற்றுச் சாயங்காலத்துக்கு மேல் ஒருத்தரும் யாரையும் கூப்பிடவில்லை. தன் போனை மட்டும் எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். நோமலாங்கா போனில் மட்டும் ஒன்று கண்ணில் பட்டது. சாயங்காலம் அதை ஒப்படைக்கும் முன்னால், லுவாண்டிலே என்ற பெயருக்கு வரிசையாக அழைப்புகள். ஒன்றையும் எடுக்கவில்லை. மாப்பிள்ளைப் பையன் அவன்.

அவள் அதைப் பற்றி அப்போது ஒன்றும் கேட்கவில்லை. ஸ்கோனை முடித்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போனாள்.

எதிர்வீட்டு கிரேஸ், ஓய்வு பெற்ற பள்ளிக்கூட டீச்சர். சபைக் கூட்டம் எதையும் தவறவிடமாட்டாள், தெருவில் நடப்பது எதையும் அதைவிடத் தவறவிடமாட்டாள். இருட்டிலேயே வாசல் கூட்டுவாள். எதற்கு என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

“நான் ஒண்ணும் பாக்கலம்மா” என்று ஆரம்பித்தாள். “மூணு பேர் வந்தாங்க. முன்னால நின்னவர்தான் கூவினாரு, ரெண்டு கையும் பின்னால கட்டியிருந்தாரு. அவர் கோட்டுல பின்பக்கம் கிழிசல், பாவம், தச்சுக் குடுக்க ஆள் இல்ல போல. வண்டி ஓட்டினவர் கை ரெண்டையும் கக்கத்துல வச்சு நடுங்கிட்டு இருந்தாரு. ஒண்ணுமே பாக்கல நான்.”

“மூணாவது ஆள்?”

கிரேஸ் துடைப்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். “அவர் ஒருத்தர்தான் தெய்வ பயம் உள்ளவர். தொப்பியைக் கழட்டி மூஞ்சிக்கு முன்னால பிடிச்சு, குனிஞ்சு ஜெபம் பண்ணாரு. அப்ப அவர் முகத்துல ஒரு ஒளி வீசுச்சு பாருங்க! நீலமா, மெல்லிசா. எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு. அவர் ஜெபம் முடியவும் கதவு திறக்கவும் சரியா இருந்துச்சு. இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுசன்!”

“ரொம்ப அபூர்வம்தான்” என்றாள் யூனிஸ். சிரிப்பு வந்துவிடக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கிழக்கே குன்றின் விளிம்பு வெளுக்கத் தொடங்கியது. யூனிஸ் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து, நோமலாங்காவைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். மாசெலேவும் உள்ளே நுழைந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

“கண்ணு, நீ திறக்கல. அது எனக்குத் தெரியும். ஆனா அந்தப் பெட்டியில நம்பர் பதியிறது யாரு?”

“நான்தான் அத்தை. அப்பாவுக்கு அது வராது.”

“லுவாண்டிலே நம்பரை எப்பப் பதிஞ்சே?”

மாசெலே முந்திக்கொண்டாள். “அவளைக் கேக்காத, என்னைக் கேளு. மார்ச் மாசம் நான் துணி காயப்போடுற கொடிக்கிட்ட வழுக்கி விழுந்தேனே, கணுக்கால் பிசகி? உங்க அண்ணன் டர்பன்ல. துமிசானி எங்கேயோ பேசப் போயிட்டாரு. இவ ஆஸ்பத்திரியில, ஆபரேஷன் நடக்குது, விட்டுட்டு வர முடியாது. அவனுக்குச் சொல்லியிருக்கா. என்னால தவழ்ந்துகூட கேட் பக்கம் போக முடியல. ஆஸ்பத்திரியில இருந்தே இவ போன்ல அவன் நம்பரைப் பதிஞ்சு விட்டா, அவனே திறந்து உள்ள வந்தான். மலை மாதிரி இருக்கேன் நான், என்னைத் தூக்கிட்டுப் போய் வண்டியில வச்சான் அந்தப் பிள்ளை. உங்க அண்ணன்கிட்ட பஸ்ல போனேன்னு பொய் சொன்னேன்.”

கல்யாணப் பேச்சு முடியும் முன்னால் மாப்பிள்ளைப் பையன் பெண் வீட்டுக்குள் கால் வைப்பதா! பெகிசிஸ்வே காதில் விழுந்தால் கூரை பறக்கும்.

“அத்தை, அவன் நேத்து சாயங்காலத்துல இருந்து போனே எடுக்கல” என்றாள் நோமலாங்கா. இப்போது அழுகை வேறு மாதிரி இருந்தது. “வேண்டாம்னு மனசு மாறிட்டானா? அவனே திறந்து விட்டுட்டானா, பேச்சு முறியட்டும்னு?”

“மனசு மாறினவன் சித்தப்பனைத் தூது அனுப்புவானா? முட்டாள்.” யூனிஸ் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். “ஆனா ஒண்ணு. இதை நான் தெருவுல வச்சுச் சொல்லணும். உன் அப்பா மதிலுக்குப் பின்னால உக்காந்து கேட்டுட்டுத்தான் இருப்பாரு. அந்த நம்பர் எப்படி அங்க வந்துச்சுன்னு சொல்லாம இந்தக் கேஸ் முடியாது.”

நோமலாங்கா தாயைப் பார்த்தாள். மாசெலே ஒரு பெருமூச்சு விட்டாள். “சொல்லு. கால் என்னோடது, பொய்யும் என்னோடது. வர்ற இடி எனக்கு வரட்டும்.”

மணி 6.45. குன்றின் மேல் சிவப்பு ஏறியிருந்தது. பெண் வீட்டுப் பேச்சாளர் என்ற முறையில் துமிசானி முன்னால் நடக்க, பின்னால் யூனிஸ். மதிலுக்குப் பின்னால் ஒரு போர்வை குந்தியிருந்ததை இரண்டு பேரும் பார்க்காத மாதிரி கடந்தார்கள். எதிர்வீட்டில் துடைப்பச் சத்தம் நின்றது.

மூன்று தூதர்களும் வண்டியை விட்டு இறங்கினார்கள். துமிசானி தொண்டையைச் செருமிக்கொண்டு, “மபாத்தா குடும்பத்தின் மாண்புமிகு…” என்று தொடங்கியதும் யூனிஸ் அவர் கையைத் தட்டினாள்.

“குபேகா ஐயா, கேட்டைத் திறந்தது யார்னு தெரிஞ்சுபோச்சு. அது எங்க வீட்டு ஆள் இல்ல. உங்க ஆள்.”

குபேகாவின் முகம் கறுத்தது. “வார்த்தையை அளந்து பேசுங்கம்மா.”

“அளந்துதான் பேசறேன். எல்லாரும் கேட் திறந்துச்சு, திறந்துச்சுன்னு தலையில அடிச்சிக்கிட்டோம். எவ்வளவு திறந்துச்சுன்னு ஒருத்தரும் பாக்கல. பாருங்க, ஒரு ஆள் அகலம். ரிமோட்டால திறந்திருந்தா முழுசா ஓடியிருக்கும். உள்ள இருக்கிற பட்டனை அமுக்கியிருந்தாலும் முழுசா ஓடியிருக்கும். எறும்பு பண்ண வேலைன்னா அது எப்படிச் சரியா ஆள் அகலத்துல நிக்கும்? போன்ல கூப்பிட்டா மட்டும்தான் இந்தக் கேட் இந்த அளவு திறக்கும். எங்க அண்ணன் அப்படிப் பாத்துப் பாத்து வாங்கியிருக்காரு.”

மதிலுக்குப் பின்னாலிருந்து பெருமிதமான ஒரு கனைப்பு கேட்டது.

“எங்க வீட்டுப் போன் எல்லாம் சட்டியில மூடிக் கிடந்துச்சு. எதுலயும் அழைப்பு போகல. அப்ப வெளியில யார்கிட்டயோ, இந்தக் கேட்டுக்குத் தெரிஞ்ச ஒரு நம்பர் இருந்திருக்கு.” யூனிஸ் மதில் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அடுத்து வருவதை மதில் கேட்கும். “அது மாப்பிள்ளைப் பையன் நம்பர். எங்க அண்ணி கால் பிசகி விழுந்த அன்னிக்கு, தூக்கிட்டுப் போக ஒரு நாதி இல்லாத நேரத்துல, பொண்ணு பதிஞ்ச நம்பர். அவன் உள்ள வந்து அண்ணியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்கான்.”

இந்தத் தடவை மதிலுக்குப் பின்னாலிருந்து கனைப்பு வரவில்லை. யூனிஸ் நிறுத்தவில்லை.

“அந்தப் பையன் நேத்து சாயங்காலத்துல இருந்து போன் எடுக்கல. ஏன் எடுக்கல? ஐயா, நீங்க முப்பது வீட்டுக்குப் போனவர். பேச்சுக்கு முந்தின நாள் மாப்பிள்ளைப் பையன் போனை என்ன பண்ணுவீங்க?”

“வாங்கி வச்சிக்குவோம்” என்றார் குபேகா. “இல்லன்னா நாம எத்தனை மாடு வரைக்கும் குடுப்போம்னு பொண்ணுகிட்ட உளறிடுவானுங்க.” சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. மெல்லத் திரும்பினார். “ஸ்வேலி, வாங்கி வச்சது நீதானே?”

ஸ்வேலியின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. “வாங்கினேன். வீட்டுல வச்சிட்டு வந்தேன்.”

“அப்படியா?” என்றாள் யூனிஸ். “ஸ்வேலி ஐயா, எனக்கு ஆறுதல் சொன்னப்போ, போன் அடிச்சா திறக்கிற கேட்டை நம்பாதீங்கன்னு சொன்னீங்க. சிம் கார்டு பெட்டிக்குள்ள இருக்கு. பெட்டி கூண்டுக்குள்ள இருக்கு. கூண்டு மதிலுக்குப் பின்னால இருக்கு. இது போன் கேட்டுன்னு தெருவுல நிக்கிற உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? பையன் போன்ல ‘நோமலாங்கா வீட்டு கேட்’ங்கிற மாதிரி ஒரு பேரைப் பாத்திருப்பீங்க. மச்சான் வீட்டுலயும் இதே மாதிரி இருக்கே, ஒரு அடி அடிச்சுப் பாப்போம்னு தோணியிருக்கு. கதவு தானா திறந்தா பொண்ணு வீட்டுக்காரன் தலை குனிவான். தலை குனிஞ்சவன்கிட்ட பேரம் பேசறது சுலபம். குபேகா ஐயா தொண்டை கிழியக் கத்திட்டு இருந்தப்போ, நீங்க தொப்பிக்குள்ள போனை வச்சு எங்க கேட்டைக் கூப்பிட்டீங்க. எதிர்வீட்டு அம்மா பாத்திருக்காங்க. உங்க முகத்துல அடிச்ச போன் வெளிச்சத்தை, பாவம், தெய்வ ஒளின்னு நினைச்சுட்டாங்க.”

“பாவி!” என்று எதிர்வீட்டு மதிலுக்கு மேலிருந்து கிரேஸின் குரல் கேட்டது.

“கதை நல்லாருக்கு” என்றார் ஸ்வேலி. “சாட்சி?”

யூனிஸ் தன் போனை எடுத்து, நோமலாங்கா போனில் பார்த்து வைத்திருந்த லுவாண்டிலேயின் நம்பரை அழுத்தினாள். ஸ்வேலியின் தலைமேல் தொப்பி உறுமியது. தொப்பியோடு சேர்ந்து அவர் கன்னச் சதையும் ஆடியது.

வண்டி ஓட்டி வந்தவர்தான் முதலில் சிரித்தார். பிறகு துமிசானி. குபேகா மட்டும் சிரிக்கவில்லை. “நான் பனியில நின்னு குரலைப் போக்கிக்கறேன், நீ என் பின்னால நின்னு என் மரியாதையை விக்கிறியா? இனிமே எந்த வீட்டு வாசல்ல என்னை நம்பிக் கூப்பிடுவான்?” என்று தன் தொப்பியாலேயே ஸ்வேலியை நாலு அடி அடித்தார். அதற்குள் ஸ்வேலிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாட்டிக்கொண்டால் சிரித்துவிடுவது அவருடைய இன்னொரு தந்திரம்.

குபேகா மூச்சு வாங்கிக்கொண்டு யூனிஸ் பக்கம் திரும்பினார். “தப்பு எங்கது. அபராதம் சொல்லுங்க.”

“துமிசானி அண்ணே சொல்லட்டும், அவர்தான் பேச்சாளர்.”

துமிசானி வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுருக்கமாகப் பேசினார். “ஒரு ஆடு. அப்புறம் கேட்டைச் சாத்துறோம். மறுபடி முதல்ல இருந்து கூவுங்க. இந்தத் தடவை ஸ்வேலி கூவட்டும்.”

யூனிஸ் உள்ளே வந்து மதிலைச் சுற்றிப் பார்த்தாள். பெகிசிஸ்வே அங்கேயே குந்தியிருந்தார். எதிரே மாசெலே, பக்கத்தில் நோமலாங்கா. அவர் மோட்டாருக்கு வயர்களை மாட்டிக்கொண்டிருந்தார். கேட் மெதுவாக ஓடி மூடிக்கொண்டது. வெளியே ஸ்வேலியின் கீச்சுக் குரல், “மபொலோபா! ஃபூசே!” என்று தடுமாறித் தொடங்கியது.

“பஸ்ல போனேன்னு சொன்னியே” என்றார் பெகிசிஸ்வே கடைசியில், மனைவியைப் பார்க்காமல்.

“சொன்னேன்.”

“அந்தக் காலோட நீ எப்படி பஸ் படி ஏறினேன்னு நான் கேக்கவே இல்ல பாரு.” அவர் கூண்டைப் பூட்டினார். “கேட் எடையைக் கேட்டேன், பல்சக்கரத்தைக் கேட்டேன். உன்னைக் கேக்கல.”

நோமலாங்கா அவர் தோளைத் தொட்டாள். “அப்பா, தப்புதான். அவன் நம்பரை இப்பவே அழிச்சிடறேன்.”

பெகிசிஸ்வே போர்வையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். வெளியே ஸ்வேலிக்கு இருமல் வந்து கூவல் அறுந்தது. பிறகு பாவமாக மறுபடி தொடங்கியது.

“அழிக்காதே” என்றார். “நாளைக்கு நீ அவன் வீட்டுக்குப் போயிடுவே. அப்புறம் என்னிக்காவது உங்கம்மாவைப் பாக்க ரெண்டு பேரும் வருவீங்க. என் பொண்ணும் மருமகனும் என் வாசல்ல நின்னு யாரையும் கூப்பிட்டுக் காத்திருக்கக் கூடாது.”

நோமலாங்கா அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மாசெலே வேறு பக்கம் திரும்பி, அடுப்பில் இறைச்சி இருக்கிறதென்று சொல்லி உள்ளே போனாள்.

“அண்ணே, வெயில் வந்துருச்சு” என்றாள் யூனிஸ். “அந்த ஆளை உள்ள விடலாமா?”

“மருமகனைத்தான் காக்க வைக்கக் கூடாதுன்னேன்” என்றார் பெகிசிஸ்வே எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டபடி. “இவனை எதுக்கு விடணும்? போய்ச் சூடா ஒரு தேநீர் போட்டுக் கொண்டு வா. குடிச்சிட்டு யோசிப்போம்.”